புதுத் தரையும் பழைய அலமாரியும்

படியேறி வரும் காலடிச் சத்தத்தை வைத்தே, முதலில் வருவது கோபம், ஆள் அதற்குப் பின்னால்தான் வருகிறார் என்று பட்டாசு கண்டுகொண்டாள். கோபத்தைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவளுக்குப் பட்டாசு என்று பட்டப்பெயர் வைத்ததே அவளுடைய அண்ணன்தான். திரி கிள்ளக்கூடத் தேவையில்லை, பக்கத்தில் தீப்பெட்டி இருந்தாலே போதும் என்பது அவர் கணிப்பு. அந்த அண்ணன் கட்டிக்கொண்டவரோ இதற்கு நேர்மாறு. தலைக்கு மேல் கூரை சரிந்தாலும், எந்தப் பக்கம் முதலில் சரிந்தது என்று நின்று பார்க்கிற ரகம்.

அண்ணியும் நாத்தனாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பிழைக்கிறார்கள் என்றால் யாரும் எளிதில் நம்புவதில்லை. அண்ணி முன்பு காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். எரிந்த கடை, நனைந்த கிடங்கு, உடைந்த பூட்டு என்று போய்ப் பார்த்து, எது நிஜம், எது ஜோடனை என்று சொல்வது அவர் வேலை. அதை விட்டதும் தையற்கடைக்கு மேலே ஓர் அறை பிடித்துச் சொந்தமாக விசாரணைகள் எடுத்துச் செய்தார். பட்டாசு தானாக வந்து ஒட்டிக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்குமே அவர் அண்ணி ஆகிவிட்டார்.

வந்தவர் தரை போடுகிறவர். பழைய தரைக்கு மேல் லேமினேட் பலகைகளைக் கோத்துக் கோத்துப் புதுத் தரை ஆக்குகிறவர். நாற்பதைத் தாண்டிய ஆள். முழங்காலில் காய்ப்பு, குரலில் அதட்டல். தண்ணீர் கொடுத்தாள் பட்டாசு. அவர் குடிக்கவில்லை, கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினார்.

இரண்டாம் மாடி வீடு ஒன்றில் பெரியவர் ஒருவருடைய அறை. அறையில் ஓடுகள் பெயர்ந்து, அவர் ஒருமுறை தடுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டிருக்கிறது. அதனால் மகன் புதுத் தரை போடச் சொல்லியிருக்கிறார். பலகைகள் அந்த அறைக் காற்றுக்குப் பழக வேண்டும் என்பதால் முன்கூட்டியே கொண்டு போய் அடுக்கிவைத்துவிட்டு, பிறகு ஒரு நாள் காலையில் போய் வேலையை ஆரம்பித்து மாலைக்குள் முடித்திருக்கிறார். பெரியவர் அதற்கு முன்பே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் விடிந்ததும், பெரியவரின் அலமாரியில் இருந்த தங்க வளையல்களைக் காணோம், எடுத்தது நீதான் என்று மகன் இவரைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்துக்கொண்டது வீட்டுக்குள் என்றாலும் பரவாயில்லை. மிச்சப் பலகைகளை எடுக்கப் போனவரை மாடிப்படியில் நிறுத்தி வைத்து, மேல் மாடி கீழ் மாடி எல்லாம் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறார். கருவிப் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். இவருக்கு வேலை வாங்கிக் கொடுக்கும் பலகைக் கடைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நாளை மறுநாளுக்குள் வளையல் வரவில்லை என்றால் போலீஸ் என்று கெடு வேறு.

"பட்டறையில உட்கார்ந்து வேலை செய்றவன்னா இதைத் தாங்கிடலாம்மா," என்றார் தரைக்காரர். "நான் ஆள் குடியிருக்கிற வீட்டுக்குள்ள போறவன். அவங்க கட்டில், அவங்க பெட்டி, அவங்க துணிமணி எல்லாத்துக்கும் நடுவுல மண்டி போட்டு வேலை பண்றவன். திருட்டுப் பட்டம் கட்டிட்டா இனிமே எவன் என்னை வாசப்படி தாண்ட விடுவான்?"

பட்டாசுக்கு இப்போதே எழுந்து போய் அந்த மகனை நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. பொருள் காணாமல் போன இடத்தில் நிற்கிறவன் வேலைக்காரன் என்றால் உடனே அவன் கையைத்தான் பார்க்க வேண்டுமா? வீட்டு மனிதர்களுக்குக் கை கிடையாதா? அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி கண்ணாலேயே உட்கார வைத்தார்.

அலமாரிச் சாவி எங்கே இருந்தது என்று கேட்டார் அண்ணி. அறைக் கதவின் பின்புறம் ஆணியில் தொங்கியதாம். கதவைக் கழற்றும்போது இவரே எடுத்து மேசையில் வைத்து, பிறகு பழையபடி மாட்டினாராம். அதைத்தான் இப்போது பெரிய சாட்சியாகப் பேசுகிறார்கள்.

"அறைக் கதவை எதுக்குக் கழற்றினீங்க?"

"அடியில நுரை விரிப்பு, அதுக்கு மேல பலகை. ரெண்டும் சேர்ந்து தரை ஒசந்துடும். கதவு உரசும்ல? அடியைச் சீவி மாட்டினேன்."

"அறையில சாமான் எல்லாம் இருந்துச்சா?"

அங்கே எடுத்து வைக்க வேறு இடம் இல்லை. அதனால் சாமான்களை ஜன்னல் பக்கம் ஒதுக்கி, கதவுப் பக்கம் பாதித் தரையைப் போட்டு, பிறகு எல்லாவற்றையும் புதுத் தரைமேல் ஏற்றி, மறுபாதியைப் போட்டதாகச் சொன்னார். கட்டில், எழுதும் மேசை, மருந்து வைக்கும் சிறு பெட்டி, நாற்காலி என்று கைவிரலை மடக்கிக்கொண்டே வந்தவர், அலமாரி என்றதும் சற்று நின்றார்.

"அலமாரியையும் நீங்களேதான் நகர்த்தினீங்களா?"

"ஆமா. தனியாத்தான். அடியில துணி கொடுத்து இழுத்தா வந்துடும். எத்தனை வீடு பார்த்திருக்கேன்."

அதுவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசியவர் இதை மட்டும் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார். குரலில் கோபமும் இல்லை. அண்ணி தலையை ஆட்டிக்கொண்டார். பட்டாசு அதைக் கவனித்தாள், என்னவென்றுதான் புரியவில்லை.

அன்று மாலையே போனார்கள். தரைக்காரர் சார்பில் சமாதானம் பேச வருவதாக அண்ணி போனில் சொல்லியிருந்தார். வளையல் வந்துவிட்டது என்றே அந்த மகன் நினைத்திருக்க வேண்டும். கதவை அகலத் திறந்தார். ஏதோ அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலே உட்கார்ந்திருப்பவர். வீட்டிலும் அந்த நாற்காலியிலிருந்து இறங்குவதில்லை போலும். அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவரை அதிகாரி என்றே சொல்கிறார்கள் என்று கீழே காவலாளி சொல்லியிருந்தார்.

அதிகாரி கூடத்து மேசைமேல் சிவப்பு வெல்வெட் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே ஒன்றுமில்லை, இரண்டு வட்டக் குழிகள் மட்டும்.

காலமான அம்மாவின் வளையல்கள் அவை. போன வாரம் பெரியவர் இந்தப் பெட்டியைக் கொண்டு வந்து எல்லோர் எதிரிலும் திறந்து காட்டி, இது என் மகளுக்கு என்று சொல்லி, தாமே போய் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். மறுநாள் மகள் வந்து அவரை அழைத்துப் போய்விட்டாள். பலகை வந்து இறங்கியதும் அன்றுதான்.

"வேலை முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வந்தேன். அவன் கிளம்பிட்டான். வெளி ஆள் நாள் முழுக்க இருந்த அறை, ஒரு தடவை பார்த்துடலாம்னு தோணிச்சு," என்றார் அதிகாரி. "அலமாரிக் கதவு ரெண்டையும் திறந்தேன். அம்மாவோட பழைய துணி எல்லாத்தையும் ஒண்ணொண்ணா வெளிய எடுத்தேன். அடித்தட்டுல இந்தப் பெட்டி. தூக்கினா கனமே இல்லை. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

வெளி ஆள் வந்துபோனாலே வீட்டை எண்ணிப் பார்க்கும் இந்தப் புத்தியைப் பட்டாசு பல வீடுகளில் பார்த்திருக்கிறாள். பற்களைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அண்ணியோ, ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்குமே என்று அனுதாபமாகக் கேட்டார். அதிகாரி உருகிப்போய் இன்னொரு முறை முழுக்கதையும் சொன்னார்.

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. கணவர் அன்று தரைக்காரர் வருவதற்கு முன்பே அலுவலகம் போனவர், தரைக்காரர் போன பிறகுதான் திரும்பினார். பகல் முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு முறை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். வேறு ஒன்றும் பார்க்கவில்லை.

அறைக்குள் போனார்கள். புதுப் பலகை வாசனை இன்னும் போகவில்லை. தேன் நிறத் தரை, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்போடு சேராமல் மாற்றி மாற்றிக் கோத்திருந்தார்கள். சுவரோரம் இடைவெளி தெரியாமல் மெல்லிய பட்டை ஓடியது. நாற்காலியில் பெரியவரின் இஸ்திரி போட்ட சட்டைகள் தலையணை உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. இதை ஏன் உள்ளே வைக்கவில்லை என்று அண்ணி கேட்டார்.

"அலமாரியை யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்," என்றார் மனைவி. யார் சொன்னது என்று தனியாகச் சொல்லவில்லை. "தடயம் போயிடுமாம்."

அலமாரி ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் மூலையில் நின்றது. நின்றது என்பதைவிட, அறையை அதைச் சுற்றிக் கட்டினார்கள் என்று சொன்னால் நம்பலாம். கருத்த மரம், கால்கள் இல்லாமல் பெட்டி போலத் தரையில் உட்கார்ந்த அடிப்பாகம், உச்சி முதல் அடிவரை நீண்ட இரண்டு கதவுகள். இதைத் தனி ஆளாக இழுத்தாரா என்று பட்டாசு வாய்விட்டு வியந்தாள். அண்ணி அதற்குப் பதில் சொல்லாமல் அலமாரியும் சுவரும் சேரும் இடத்தில் விரலை ஓட்டினார். சுவருக்கு இளம்பச்சைப் பெயிண்ட் அடித்தவர் அலமாரியை நகர்த்தச் சோம்பி, அதன் ஓரத்தையும் சேர்த்தே அடித்துவிட்டுப் போயிருந்தார். காய்ந்த பெயிண்ட் மரத்தையும் சுவரையும் ஒரே தோலாக மூடியிருந்தது. மேலிருந்து கீழ்வரை எங்கும் விரிசல் இல்லை.

பிறகு அண்ணி தன் முகவரி அட்டையை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டார். மருந்துப் பெட்டிக்கு அடியில் அட்டையை நுழைத்தார், போய் வந்தது. மேசைக் காலுக்கு அடியில் முனையை நுழைத்தார், அதுவும் நுழைந்தது. அலமாரிக் கதவின் கீழே வைத்தார். அட்டை முட்டி மடங்கியது. அங்கே பலகைக்கும் கதவுக்கும் நடுவில் மர நிறத்தில் ஏதோ பசையைப் பூசி மெழுகியிருந்தது. அண்ணி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். மகளையும் பெரியவரையும் நாளைக் காலை வரச் சொல்லுங்கள், தரைக்காரரையும் நான் அழைத்து வருகிறேன், விஷயம் முடிந்துவிடும் என்றார். அதிகாரிக்கு ஏகப்பட்ட திருப்தி.

லிப்ட் வருவதற்குள் பட்டாசு வழக்கை முடித்துவிட்டாள். எடுத்தது அந்த மனைவிதான். மாமியார் படுக்கையில் கிடந்த அத்தனை வருஷமும் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்தது அவர் என்று காவலாளி சொன்னாரே. வளையல் மட்டும் எப்போதோ வந்து எட்டிப் பார்க்கிற மகளுக்கா? வயிறு எரியாதா? அதோடு பகல் முழுக்க வீட்டில் இருந்ததும் அவர்தான்.

"எரியும்," என்றார் அண்ணி. "வயிறு எரிஞ்சவங்க எல்லாரும் எடுத்துட்டா ஊர்ல ஒரு வளையல் மிஞ்சாது. நீ அந்தச் சட்டைக் குவியலைப் பார்த்தியா?"

"பார்த்தேன். அதுல என்ன?"

"நாளைக்கு இன்னொரு தடவை பாரு."

மறுநாள் காலை அந்த அறையில் எல்லோரும் கூடினார்கள். பெரியவரை மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்து கட்டிலில் உட்கார வைத்தாள். அதிகாரி மேசையில் சாய்ந்து கைகட்டி நின்றார். மனைவி சட்டைக் குவியலை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தரைக்காரர் மட்டும் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார். இதே அறையில் மண்டி போட்டு ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் கோத்த மனிதர், இன்று அதன்மேல் கால் வைக்கத் தயங்குகிறார்.

அண்ணி அவரைத்தான் முதலில் கேட்டார்.

"அலமாரியை நகர்த்தினதா சொன்னீங்க. நிஜமா?"

"ஆமா."

"பெயிண்ட் அலமாரியோட ஓரத்தையும் சுவரையும் சேர்த்து ஒட்டியிருக்கு. ஒரு நூல் நகர்ந்திருந்தாலும் கிழிஞ்சிருக்கும். கிழியலை."

தரைக்காரர் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார்.

"அதைத் தூக்க நாலு ஆள் வேணும். நீங்க ஒரு ஆள். அது நின்ன இடத்துலயே நிக்க, அதைச் சுத்திப் பலகையை வெட்டி ஒப்பேத்திட்டீங்க. சந்து தெரியாம இருக்கப் பசை வச்சு அடைச்சுட்டீங்க. சாமானை நகர்த்தறதுக்கும் சேர்த்துத்தான் கூலி பேசினீங்க, அதனால வெளிய சொல்ல முடியலை. சரியா?"

தரைக்காரர் கழுத்துவரை சிவந்துபோனார். திருடன் இல்லை என்று காட்ட வேண்டுமானால் ஏமாற்றுக்காரன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவும் தானே மெச்சிக்கொண்ட வேலையை வைத்தே. நேற்று அவ்வளவு நியாயம் பேசியவரா இவர் என்று பட்டாசுக்கு அவர் மேலேயும் கோபம் வந்தது.

"ஆமா," என்றார் கடைசியில். "அலமாரியை அசைக்கவே இல்லை. சுத்தி வெட்டினேன். அதுக்கு என்ன வேணா கேளுங்க. ஆனா வளையலை நான் தொடலை."

அதிகாரி மேசையை விட்டுத் துள்ளி முன்னால் வந்தார். பார்த்தீர்களா, பொய் சொன்னான், வேலையில் ஏமாற்றினான், ஏமாற்றுகிறவன் திருட மாட்டானா, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று அப்பாவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார். அண்ணி அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நீங்க சொல்றதும் நியாயம்தான்," என்றார். "அதனால ஒரு சின்ன உதவி பண்ணுங்க. அன்னிக்குச் சாயங்காலம் அலமாரிக் கதவைத் திறந்து எல்லாத்தையும் வெளிய எடுத்தேன்னு சொன்னீங்களே. இப்ப அதே மாதிரி ஒரு தடவை திறந்து காட்டுங்க."

ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அதிகாரி சாவியைத் திருப்பினார். பூட்டு திறந்தது. பித்தளை வளையத்தைப் பிடித்து இழுத்தார். கதவு ஒரு மயிரிழை அசைந்து அப்படியே நின்றது. இன்னும் பலமாக இழுத்தார். கீழே மரத்தில் மரம் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த கதவை இழுத்தார். அதுவும் வரவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது. அலமாரி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பட்டாசுக்கு அப்போதுதான் உறைத்தது. முகவரி அட்டை, சீவிய அறைக் கதவு, சட்டைக் குவியல், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன.

"வராது," என்றார் அண்ணி. "அலமாரி பழைய தரையில நிக்குது. அதைச் சுத்தி வந்த புதுத் தரை ஒரு விரற்கடை ஒசரம். கதவோட அடி இப்ப பலகைக்குக் கீழே குழிக்குள்ள இருக்கு. பலகையை வெட்டாம யாராலயும் திறக்க முடியாது. அறைக் கதவைச் சீவினவருக்கு இந்தக் கதவு ஞாபகம் வரலை. பூட்டியிருந்ததால இழுத்துப் பார்க்கவும் இல்லை." அவர் தரைக்காரரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவர் கடைசிப் பலகையைத் தட்டிட்டுப் போன பிறகு இந்த அலமாரி திறக்கவே இல்லை. நீங்க திறந்தேன்னு சொல்றது அதுக்கும் அப்புறம்."

"அப்ப... அன்னிக்குத் திறந்துச்சு. இப்பதான் ஏதோ..."

"பசை அறுபடாம இருக்கு. சரி, அதை விடுங்க. அந்தச் சிவப்புப் பெட்டி அலமாரிக்குள்ள இருந்ததுன்னு உங்க அப்பா சொல்றார். நீங்களும் சொல்றீங்க. இப்ப அது கூடத்துல இருக்கு. தரை போட்ட பிறகு வெளிய வர வழியில்லைன்னா, தரை போடறதுக்கு முன்னாடியே வந்திருக்கணும். அதை அலமாரியிலேர்ந்து எடுத்தது நான்தான்னு நீங்களே ரெண்டு தடவை சொன்னீங்க. அது மட்டும் நிஜம். எடுத்த நேரத்தைத்தான் மாத்திச் சொல்லிட்டீங்க. வேலை நடந்த அன்னிக்கு, அவர் வர்றதுக்கு முன்னாடி கிளம்பி, போன பிறகு வந்தீங்க. அப்ப அவர் வர்றதுக்கு முன்னாடியேதான் எடுத்திருக்கீங்க."

அதிகாரி சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு மேசைப் பக்கம் நகர்ந்தார்.

"உள்ள ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சவர்தான் திறந்தே பார்க்காம இருப்பார்," என்றார் அண்ணி. "வீட்ல வேற யாரும் திறந்து பார்த்துடக் கூடாதுன்னு சட்டையைக்கூட உள்ள வைக்க விடலை. கதவு வரலைங்கிறது உங்களுக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

பெரியவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று மட்டும் கேட்டார்.

அதிகாரி முதலில் தங்கையைப் பார்த்தார். பிறகு, தவறு செய்தவர்கள் கடைசியில் கையில் எடுக்கும் ஆயுதத்தை எடுத்தார். இவளுக்காகத்தான் என்று மனைவியைக் காட்டினார். அம்மாவை அத்தனை வருஷம் பார்த்துக்கொண்டது இந்த வீடு, வளையல் போவது தங்கைக்கா, கேட்டால் அப்பா மனசு கஷ்டப்படும், அதனால்தான் சத்தமில்லாமல் எடுத்து வைத்தேன் என்றார். தங்கை கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தபோது, தரை போட ஆள் வருவது நினைவுக்கு வந்ததாம்.

மனைவி எழுந்தார். மடியிலிருந்த சட்டைகளை மெதுவாகக் கட்டிலில் வைத்தார்.

"எனக்காகன்னு சொல்லாதீங்க," என்றார். குரல் உயரவில்லை, ஆனால் அந்தக் குரலுக்குப் பட்டாசே ஓரடி பின்வாங்கினாள். "அத்தைக்கு ஒரு நாளாவது தலை சீவி விட்டிருக்கீங்களா? இந்த வீடு பார்த்துக்கிச்சாமே. வீடா பார்த்துச்சு? நான் பார்த்தேன். இப்ப திருடினதுல மட்டும் எனக்குப் பங்கா? அந்த மனுஷன் கையில ரெண்டு தடவை தண்ணி கொடுத்தேன். நேத்து அவர் மூஞ்சியைப் பார்க்க முடியாம உள்ள போய் நின்னேன், வீட்ல ஒரு திருடனை விட்டுட்டோமேன்னு. திருடன் என் பக்கத்துலயே படுத்திருந்தார்."

அதிகாரி கூடத்திலிருந்து அலுவலகப் பையைக் கொண்டுவந்து திறந்து, கைக்குட்டையில் சுற்றிய வளையல்களை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். பெரியவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மருமகளிடம் நீட்டினார். மகளும் மருமகளைப் பார்த்து, வாங்கிக்கோங்க அண்ணி, எனக்கு இது முன்னாடியே தோணியிருக்கணும் என்றாள்.

"வேண்டாம் மாமா," என்றார் மருமகள். "வளையல் கேட்டு நான் பார்த்துக்கலை. யார் பார்த்துக்கிட்டாங்கன்னு உங்கள்ல ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லியிருந்தா அதுவே எனக்குப் போதும்."

பெரியவர் தலை குனிந்தது. வளையல்களை அவர் சட்டைக் குவியலின் மேல் வைத்தார். அவை அங்கேயே இருந்தன.

அதிகாரி தரைக்காரர் பக்கம் திரும்பி, தனக்கே கேட்காத குரலில் மன்னிச்சுக்கோங்க என்றார். கருவிப் பையைக் கொண்டுவந்து நிலைப்படியில் வைத்தார். அத்தோடு கதை முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். பட்டாசுக்கு முடியவில்லை. இத்தனை நேரம் அண்ணியின் கண்ணுக்குக் கட்டுப்பட்டு அடக்கியது எல்லாம் சேர்ந்து வந்தது.

"இது யாருக்குக் கேட்டுச்சு சார்?" என்றாள். "திருடன்னு சொன்னப்ப மாடிப்படியில நின்னு, மேல கீழ எல்லாரும் கதவைத் திறக்கிற மாதிரி சொன்னீங்க. கடைக்குப் போன் போட்டுச் சொன்னீங்க. மன்னிப்பு மட்டும் கட்டில் பக்கத்துல ரகசியமா? எங்க நின்னு சொன்னீங்களோ அங்க நின்னு சொல்லுங்க. எவ்வளவு சத்தமாச் சொன்னீங்களோ அவ்வளவு சத்தமா."

அதிகாரி அண்ணியைப் பார்த்தார், இவளைக் கொஞ்சம் அடக்குங்களேன் என்பது போல. அண்ணி அலமாரியின் மர வேலைப்பாட்டை உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தார். மனைவி போய் வாசற்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

அதிகாரி மாடிப்படியில் போய் நின்று சொன்னார். முதல் தடவை முணுமுணுத்தார். பட்டாசு, கீழ் மாடிக்குக் கேட்கவில்லை என்றாள். இரண்டாம் தடவை கேட்டது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவர் எடுத்தது, அவர் பழி போட்டது, இந்த மனிதர் கை வைக்கவில்லை என்பது எல்லாம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. பலகைக் கடைக்கு அங்கே நின்றபடியே போன் போட்டு அதையே திரும்பச் சொன்னார்.

எதிர்வீட்டு அம்மாள் தரைக்காரரைப் பார்த்து, எங்கள் வீட்டிலும் ஓர் அறை இருக்கிறது, வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் அண்ணி குறுக்கிட்டார்.

"முதல்ல இந்த அறையை முடிக்கட்டும். உங்க வீட்ல பெரிய அலமாரி எதாவது இருந்தா முன்னாடியே காட்டிடுங்க."

தரைக்காரர் முகத்தில் அசடு வழிந்தது. ஆனால் இந்த முறை மின்விசிறியைப் பார்க்கவில்லை. கூலி வேண்டாம், முழுத் தரையையும் பிரித்து மறுபடி போடுகிறேன், தூக்க மட்டும் ஆள் வேண்டும் என்றார்.

ஆள் வீட்டிலேயே இருந்தது. அந்த வார விடுமுறை நாளில், கடைசி வரிசையிலிருந்து பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்த பிறகு, அலமாரியின் ஒரு மூலையைத் தரைக்காரரும் எதிர் மூலையை அதிகாரியும் பிடித்தார்கள். மற்ற இரண்டு மூலைகளுக்குக் காவலாளியும் எதிர்வீட்டு மருமகனும் வந்தார்கள். பச்சைப் பெயிண்ட் சரசரவென்று கிழிந்தது. முழங்காலை மடக்கித் தூக்குங்க சார், இடுப்பால தூக்காதீங்க என்று தரைக்காரர் அதட்டினார். அதிகாரி முழங்காலை மடக்கினார்.

சாயங்காலம் அலமாரி புதுத் தரைமேல் ஏறி நின்றது. மருமகள் சாவியைத் திருப்பிக் கதவை இழுத்தார். எங்கும் உரசாமல் இரண்டு கதவுகளும் முழுசாகத் திறந்தன. வளையல்களை மேசைமேல் ஒதுக்கி வைத்துவிட்டு, பெரியவரின் சட்டைகளை எடுத்து உள்ளே அடுக்கிவைத்தார். அடித்தட்டில் ஒன்றும் வைக்கவில்லை. கதவைப் பூட்டவும் இல்லை.